நீல ஷீட்டுக்கு அடியில் தண்ணீர்

அண்ணே,

மகளுக்கு மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூட வேன் தெருவுக்குள் வராது, முனையில்தான் நிற்கும். முனை வரைக்கும் நனைந்தால் சளி பிடிக்கும், சளி நெஞ்சில் கட்டினால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் என்று நான் எங்கே போய் நிற்பேன் என்பது உனக்குத் தெரியும். டவுனுக்குப் போய் வாங்கி வந்து, கவரைப் பிரித்து உதறினேன். குப்பென்று அந்த வாடை வந்தது. புது வினைல் வாடை. மடிப்பு மடிப்பாக விறைத்திருந்ததால் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் வெயில் அடித்தபோது விரித்துப் போட்டேன். மகள் பின்னாலேயே ஏறி வந்து, குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "அம்மா, மாமா வாடை அடிக்கு" என்றாள்.

நீ போய் ஒரு வருடம் கழிந்துவிட்டது. வருசத் திதியும் கொடுத்தாயிற்று. மற்றவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசி ஓய்ந்த பிறகு நான் தாமதமாக எழுதுகிறேன். எழுதுவது, நீ குவைத்துக்குத் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டதைப் பற்றி. அதில் எனக்கு ஒரு பயம் இருந்தது. என் பயங்களைக் கேட்பதற்கு நம் வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளிடம் மட்டும் இதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

குவைத்தில் சண்டை வந்து, அம்மான் வழியாக பம்பாய்க்கும் அங்கிருந்து ரயிலில் நம் ஊருக்கும் நீ வந்து இறங்கியபோது உன் கையில் ஒரு தோள்பை மட்டும்தான் இருந்தது. உன் மகன் அப்போது சின்னக் குழந்தை. உன்னைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தவன், "வந்திருக்க மாமா" என்று உன்னைக் கூப்பிட்டான். எல்லாரும் சிரித்தோம். அவனைப் பெற்ற மைனி மட்டும் சிரிக்கவில்லை.

ஆறு வருடம் அங்கே வீடு வீடாக நீச்சல் குளத்துக்கு வினைல் ஷீட் பொருத்திய ஆள் நீ. ஆறு ஓடுகிற ஊரில் அந்தத் தொழிலுக்கு யார் இருக்கிறார்கள்? பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ரெக்சின் கடை போட்டாய். "அங்கன குளத்துக்குச் சட்டை மாட்டுனேன், இங்கன ஸ்கூட்டருக்கு மாட்டுதேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாய். சொல்லும்போது சிரிப்பாய். ஆனால் கடையில் வேலை இல்லாத நேரத்தில் ஒரு பழைய வினைல் துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

இப்படி இரண்டு மூன்று வருடம் போன பிறகு பழைய கம்பெனியிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். ஊரைத் திரும்பக் கட்டுகிறார்கள், உடைந்த குளமெல்லாம் புதிதாகப் போட வேண்டும், புறப்பட்டு வா என்று. அதே சமயத்தில்தான் சீவலப்பேரி ரோட்டில் ரைஸ்மில் வைத்திருந்த அண்ணாச்சி உன் கடைக்கு வந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் பம்பாயிலிருந்து வந்து ஆற்றில் இறங்கியபோது மீன் காலைக் கடித்ததாம். ஓவென்று கத்தி, இனி இந்த ஊருக்கே வர மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போயினவாம். அவருக்கு, மில்லை ஒட்டிய வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வருவதற்குள் வேண்டும்.

டீக்கடையில் அதையே ஒரு வாரம் பேசினார்கள். "ஆத்துக்கு நாலு எட்டு நடக்க வலிக்குன்னு ஆத்தையே வீட்டுக்குக் கூப்பிட்டு வச்சிருக்காரு வே அண்ணாச்சி" என்று.

அன்றைக்குச் சாப்பிடும்போது நீ சொன்னாய். அம்மா, மைனி, நான் மூன்று பேரும் இருந்தோம். இவருக்குச் சென்னைக்கு மாற்றலாகி, அங்கே வீடு கிடைக்கும் வரைக்கும் என்று நான் இரண்டு வயதுப் பிள்ளையோடு அம்மா வீட்டில் இருந்த சமயம்.

"இந்தக் குளம் நின்னுட்டுன்னா நானும் இங்கன நிக்கேன். நாலு பேரு பாப்பாவ, நாலு வேலை வரும். நிக்கலன்னா தீவாளி கழிச்சு பிளேன் ஏறிருதேன். அதுக்கு மேல ஸ்கூட்டருக்குத் தச்சுக்கிட்டு இருக்க முடியாது."

மைனி உன் தட்டில் ரசம் ஊற்றினாள், நீ போதும் என்ற பிறகும் ஊற்றினாள். அம்மா, "உன் இஷ்டம்" என்றாள். நான் மட்டும்தான் வாயைத் திறந்து சொன்னேன்: "போவாதண்ணே."

பம்பாயிலிருந்து ஷீட் அட்டைப் பெட்டியில் லாரி பார்சலாக வந்தது. அளவு கொடுத்துச் செய்த ஷீட். ஒரு முழுக் குளம் அந்தப் பெட்டிக்குள் மடிந்து கிடந்தது. அதற்குள் குழி தோண்டி, நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, வழுவழுவென்று பூசி, மேல் விளிம்பில் சுற்றிலும் அலுமினியக் காடி அடித்து வைத்திருந்தாய். ஷீட்டின் ஓரத்தில் உள்ள தடிப்பை அந்தக் காடிக்குள் மாட்டிவிட்டால் அது தொங்கி நிற்கும் என்றாய். அது கார் போகத்து நெல் அறுப்புச் சமயம். வயலில் தண்ணீரை வடித்துவிட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஷீட்டை விரித்துப் பிடிக்கக் கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாய்.

முதல் நாள் வீட்டிலேயே சண்டை. "மெட்டியக் கழத்திட்டு வாட்டி. ஒரு கீறல் விழுந்தா அம்புட்டுதான்" என்றாய்.

அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "கட்டுனவன் குத்துக்கல்லாட்டம் மெட்ராசுல இருக்கான். தங்கச்சி மெட்டியக் கழத்தச் சொல்லுதியே, நீயெல்லாம் ஒரு அண்ணனாலே?"

"குளம் கிழிஞ்சிரும்மா."

"கிழியட்டும்!"

கடைசியில் குவைத்தில் வாங்கிய கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடியை எனக்கு ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிவிட்டாய். புரட்டாசி வெயிலில், கம்பளி சாக்ஸோடு, இடுப்பில் பிள்ளையோடு நான் சீவலப்பேரி பஸ்ஸில் ஏறி வந்ததை அந்தக் கண்டக்டர் இன்னும் மறந்திருக்க மாட்டார்.

ஷீட்டை மில் களத்தில் விரித்து வெயில் காட்டினோம். இளகட்டும் என்றாய். மகளைக் களத்தோரத்துப் பூவரச மரத்தடியில், மில்லில் நெல் அவிக்கிற பேச்சியக்காவிடம் விட்டிருந்தேன். ஒரு கண் அங்கே, ஒரு கண் ஷீட்டில். வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, மில்லுல எலி இருக்குமே, கடிச்சு வச்சா?" "தென்னை மட்டை விழுந்தா?" "காக்கா கொத்தினா?" ஒவ்வொன்றுக்கும் நீ குனிந்தபடியே பதில் சொன்னாய். எலி வழுக்கும், மட்டையை வெட்டியாகிவிட்டது, காக்காவுக்கு வேறு வேலை இருக்கிறது. "வயல்ல தண்ணி கட்டினா அடியில ஊறாதா?" என்றும் கேட்டேன். அது நான் யோசித்துக் கேட்ட கேள்வி இல்லை. பக்கத்தில் வயல் தெரிந்தது, கேட்டேன்.

நிமிர்ந்து சிரித்தாய். "அங்கன எத்தன குழி தோண்டியிருக்கேன் தெரியுமா? கீழேருந்து ஒரு சொட்டுத் தண்ணி வந்து நான் பாத்ததில்ல. நீ மேல உள்ளதுக்கு மட்டும் பயப்படு. போதும்."

நானும் சரி என்று விட்டுவிட்டேன். நீ தொழில் கற்றது மணலில். அங்கே எவ்வளவு ஆழம் போனாலும் காய்ந்த மணல்தான். பிறந்தது என்னவோ கால்வாயில் குதித்து வளர்கிற ஊரில். ஆனால் தொழில் என்று வந்ததும் உன் கை அந்த மணல் ஊரையே நினைத்துக்கொண்டு வேலை செய்தது.

காடியில் மாட்டி முடித்ததும் ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று நின்று, பந்தல் துணி மாதிரி பொதபொதவென்று ஆடியது. காற்றை உறிஞ்ச மிஷின் வேண்டும். அது நம் ஊரில் ஏது? மில்லில் உமி தள்ளுகிற காற்றாடியைக் கழற்றி வந்து, வாயை மாற்றிப் பூட்டி, குழாயை ஷீட்டுக்குப் பின்னால் விட்டாய். மோட்டார் ஓட ஓட ஷீட் பின்னால் போய்ச் சுவரில் அப்பிக்கொண்டது. மூலைகள் கூட அச்செடுத்த மாதிரி படிந்தன. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து, "ஏயப்பா, தோலு மாதிரில்லா ஒட்டுது" என்றார். தண்ணீர் விட்டோம். கணுக்கால் அளவு நிறைந்ததும் நீயும் நானும் உள்ளே நடந்து, சுருக்கங்களைக் காலால் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டு போனோம். குழாய் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரைக்கும் நிறைந்ததும், வடிகட்டிய தண்ணீர் திரும்பி வருகிற அந்தக் குழாய்க்காக நல்ல ஷீட்டை நீ பிளேடால் அறுத்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது அண்ணாச்சியிடம் எல்லாம் சொன்னாய். குளோரின் பொடியை அப்படியே வீசக்கூடாது, வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும், இல்லையென்றால் நீலம் வெளுத்துப் புள்ளி விழும். கொலுசு போட்டுக்கொண்டு இறங்கக்கூடாது. தேய்க்கத் தேங்காய் நார் ஆகாது, மெத்தென்ற புருசுதான். முக்கியமாக, எந்தக் காலத்திலும் தண்ணீரை முழுதாக வெளியேற்றக்கூடாது; காய்ந்தால் ஷீட் சுருங்கும், சுருங்கினால் பழையபடி இழுபடாது. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். நான் உன் கடையில் இருந்தேன், பிள்ளைக்குத் துணி எடுத்துவிட்டு வந்திருந்தேன். மில் டிரைவர் ஸ்கூட்டரில் வந்து இறங்காமலேயே சொன்னார்: "ஷீட்டு எந்திரிச்சு நிக்கு அண்ணே. அண்ணாச்சி உடனே வரச் சொன்னாவ."

நாம் போனபோது குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் இருக்க வேண்டிய ஷீட் நடுவில் உப்பி, விளிம்பு வரைக்கும் ஏறி நின்றது. காற்றடித்தால் லேசாகக் குலுங்கியது. அண்ணாச்சியின் மனைவி, நாம் அக்கா என்று கூப்பிடுகிறவர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தீவாளிக்கு வீடு பூரா கழுவுதோம். இது மட்டும் பழைய தண்ணியா கெடக்கே, பிள்ளைய வந்து இறங்குமேன்னு எறைச்சு தென்னைக்கு விட்டுட்டு, நல்லாத் தேச்சுக் கழுவிப் போட்டேன் தம்பி. ராத்திரி மெத்துன்னு இருந்திச்சு. காலைல பாத்தா மாசமா இருக்க பொம்பள வயிறு மாதிரி நிக்கு."

அண்ணாச்சி கத்தினார். "ஏளா, தண்ணிய மாத்தக் கூடாதுன்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னானா இல்லியா?"

"உங்ககிட்டல்லா சொன்னான்! நீங்க என்கிட்ட சொன்னியளா?"

சுற்றி மில் ஆட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அக்காவின் கண் கலங்கிவிட்டது. நீ அப்படியே விட்டிருக்கலாம். தண்ணீரை இறைத்தது அவர்கள். பழி அங்கே போய் நிற்கும், உன் பெயர் தப்பும். ஆனால் நீ வரப்பைப் பார்த்தாய். கால்வாயில் தண்ணீர் விட்டு, அடுத்த போகமான பிசானத்துக்கு வயலை உழுது சேறாக்கித் தொளி அடித்து, குளத்துச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நடவு முடிந்திருந்தது. பச்சை நாற்றும் தண்ணீருமாகக் கிடந்தது.

"அக்காவ ஏசாதிய அண்ணாச்சி. எறைச்சாலும் அது நிக்கணும். அடியில தண்ணி ஊறும்னு நெனைக்காமப் போட்டேன் பாருங்க, அது என் தப்பு."

அண்ணாச்சிக்கு இப்போது உன் மேல் கோபம். "மண்ணக் கீறுனா தண்ணி வார ஊருல, ஒட்டகம் மேய்க்கப் போன ஆளுகிட்ட குளம் போடக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும் வே!"

யாரோ சிரித்தார்கள். நீ குளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு அந்த நிமிஷம் ஷீட் தெரியவில்லை. நீ மறுபடி அந்தத் தோள்பையைத் தூக்கிக்கொண்டு ரயிலடியில் நிற்பதுதான் தெரிந்தது. வீட்டில் மைனி முறுக்கு சுற்றிக்கொண்டிருப்பாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாய். "அன்னைக்கு என்னட்டி கேட்ட?"

"எலியா?"

"எலி இல்ல."

"தென்னை மட்டையா?"

"வயலுட்டி! வயல்ல தண்ணி கட்டினா ஊறாதான்னு கேட்டல்லா?"

"கேட்டேன். சும்மா பயந்து கேட்டேன்."

"சும்மா பயந்ததே இவ்வளவு சரியா இருக்கு. வேற என்ன பயமெல்லாம் இப்பம் இருக்கு, சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

எல்லார் முன்னாலும் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் சொன்னேன். நீ சுவருக்குப் பக்கத்தில் குளத்தை விட ஆழமாக ஒரு குழி தோண்டி, கிணற்றுக்குப் போடுகிற சிமெண்டு உறை இறக்கி, அடித் தண்ணீரை அதில் கூட்டி மோட்டாரால் வெளியேற்றலாம் என்று அதற்குள் யோசித்துவிட்டாய். தோண்டும்போது சுவர் சரிந்தால்? தள்ளித் தோண்டுவோம், அது வேலை என்றாய். மழைக்குள் மோட்டார் ஓடி ஷாக் அடித்தால்? மேலே தகரம் போடுவோம், அதுவும் வேலை. ஷீட் ஒரு தடவை சுருங்கினால் பழையபடி இழுபடாது என்று நீதானே சொன்னாய்? இங்கே வெயிலும் இல்லையே? நீ மில்லைப் பார்த்தாய். நெல் அவிக்கிற கொப்பரையில் ஆவி போய்க்கொண்டிருந்தது. "சுடுதண்ணி. வேலைதான்" என்றாய்.

"எல்லாம் செஞ்சும் தீவாளிக்குள்ள நிக்கலன்னா?" என்றேன். எதைக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரிந்தது.

"அதுக்கு வேலை ஒண்ணுமில்ல. அது என்கிட்ட இருக்கட்டும். நீ வச்சுக்கிடாத."

அன்றைக்கு மதியத்துக்குள் உறைக்கிணறு தோண்டுகிறவர்களைப் பிடித்து வந்தாய். உறை மேல் உறையாக இறங்கியது. மோட்டார் போட்டதும் சகதியாக வந்து, பிறகு வயல் தண்ணீர் மாதிரியே வந்தது. சாயங்காலத்துக்குள் ஷீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, மறுநாள் காலையில் தரையில் கிடந்தது. கிழவி முகம் மாதிரி ஆயிரம் சுருக்கத்தோடு.

அப்புறம்தான் பெண்கள் வந்தார்கள். பேச்சியக்கா தலைமையில் நெல் அவிக்கிறவர்கள் எல்லாரும். கை பொறுக்கிற சூட்டில் குடம் குடமாகத் தண்ணீர் இறக்கினார்கள். இறங்குகிற ஒவ்வொருத்தி கால்விரலிலும் மெட்டி. கம்பளி சாக்ஸுக்கு எங்கே போவது? அக்கா தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். விரல்களை எல்லாம் சுற்றிக் கட்டிக்கொண்டு, வரிசையாக நின்று, சூட்டில் இளகிய ஷீட்டை மிதித்து மிதித்துச் சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளினோம்.

"அண்ணாச்சி, நெல்லு அவிச்சோம், இப்பம் குளத்தையும் அவிச்சுத் தாரோம். ரெட்டைக் கூலி வேணும்" என்றாள் பேச்சியக்கா.

"மிதிக்கத லெச்சணத்தப் பாரு. சோத்தாங்கை மூலைல சுருக்கம் அப்படியே நிக்கு!"

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. வயசான குளத்துக்கு ஒரு சுருக்கம் கூடவா இருக்கப்பிடாது?"

அழ வந்த அக்கா கூட அதற்குச் சிரித்துவிட்டார். நீ காடிப் பக்கம் மண்டியிட்டு, கழன்ற இடத்தையெல்லாம் கட்டைவிரலால் அமுக்கி மாட்டிக்கொண்டே வந்தாய். நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. மேலே தண்ணீர் ஏற ஏற, அதன் கனமே ஷீட்டைப் பிடித்துக்கொண்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் பம்பாய்ப் பிள்ளைகள் வந்து பெட்டியைக் கூட வைக்காமல் குதித்தன. வலது மூலையில் ஒரு சுருக்கம் நின்றுவிட்டது. மற்றபடி நீலமாக, அமைதியாக இருந்தது. அண்ணாச்சி உன்னைப் பார்த்து, "பொறவு? குவைத்துக்கு எப்பம் பயணம்?" என்றார்.

நீ உறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இந்தத் தண்ணி தையில எவ்வளவு நிக்குன்னு பாக்கணும். அறுப்புக்கு வடிச்ச பொறவு பாக்கணும். கார்ல தண்ணி விடும்போது பாக்கணும். இதயெல்லாம் போட்டுட்டு எப்படிப் போக அண்ணாச்சி?"

இதுதான் நீ தங்கப் போவதாகச் சொன்ன விதம். வீட்டுக்கு வந்து மைனியிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. முறுக்கு எடுத்துத் தின்றாய். மைனி என்னைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன்.

அதற்குப் பிறகு வேலைகள் வந்தன. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு டாக்டர் வீடு, மலை மேல் ஒரு எஸ்டேட் பங்களா. எல்லா இடத்திலும் முதலில் உறை, பிறகுதான் குளம். எல்லா இடத்துக்கும் என்னையும் கூட்டிப் போனாய். இவருக்குத் திரும்ப இங்கேயே மாற்றல் கிடைத்த பிறகும், "மாப்பிள்ளை, உங்க வீட்டம்மாவ ஒரு நாளைக்குத் தாங்க" என்று வந்து நிற்பாய். கெமிஸ்ட்ரி படித்தவள், தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்பது ஒரு சாக்கு. உண்மையில் குழி ஓரத்தில் என்னை நிறுத்தி, "ம், ஆரம்பி" என்பாய். நான் பயங்களைச் சொல்வேன். நீ ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கண்டுபிடிப்பாய். அந்த டாக்டர், "இவுக யாரு?" என்று கேட்டபோது, "பயப்படுததுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன் சார். வேற எந்தக் கம்பெனிலயும் இந்த வசதி கெடையாது" என்றாய். வாழ்க்கையில் என் பயத்தைப் பார்த்து ஒருவர் எரிச்சல்படாமல், அதற்கு ஒரு இடம் போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வேறு யாரும் கொடுத்ததும் இல்லை. மகள் நீச்சல் கற்றதும் உன்னிடம்தான், அந்த மில் குளத்தில்தான்.

போன வருடம் ஆவணியில் கடையில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். ஆட்டோவில் ஏறும் வரைக்கும் பேசினாய் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்த இடத்தில் நம் உறவுக்காரர் ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து சொன்னார்: "அவன் குவைத்துலயே இருந்திருந்தா பிழைச்சிருப்பான். அங்கன பெரிய பெரிய டாக்டர்மாரு, என்னெல்லாமோ மிஷினு. இங்கன வந்து கெடந்து இப்படிப் போயிட்டான்." நான் அவருக்குக் காப்பி கொடுக்க வந்தவள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். போவாதண்ணே என்று சொன்ன ஒரே ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இதுதான் அந்தப் பயம். ஒரு வருடமாக இது என்னிடம் இருந்தது. பிள்ளைக்குச் சோறு பிசையும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் வந்து நிற்கும். இவரிடம் சொல்லப் பார்த்தேன். "பைத்தியமா உனக்கு?" என்று அன்பாகத்தான் கேட்டார். அம்மாவிடம் சொல்ல முடியாது.

போன வாரம் மில் அண்ணாச்சி கடைக்குப் போன் செய்தார். கடையை இப்போது மைனிதான் நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாள். "தொளி அடிச்சாச்சு. உறையப் பாக்கணும்லா? யாரு வாரிய?" என்றாராம். மைனி என் வீட்டு வாசலில் வந்து நின்று, "கெளம்பு" என்றாள். இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் போனோம்.

ஷீட் வெளுத்துவிட்டது அண்ணே. இரண்டு மூன்று இடத்தில் நீ போட்ட ஒட்டு மட்டும் புது நீலமாகத் தெரிகிறது. பம்பாய்ப் பிள்ளைகள் பெரிதாகிவிட்டன, வருவதில்லை. பேச்சியக்காவின் பேரன்மார்தான் இப்போது அதில் கிடக்கிறார்கள், அண்ணாச்சி ஏசிக்கொண்டே விடுகிறார். உறைக்கு மேலிருந்த தகரத்தை நகர்த்தினோம். தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. மைனி கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெரியாததால் என்னால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"மைனி, அன்னைக்கு நான் போவாதன்னு சொல்லலன்னா அண்ணன் போயிருப்பான். அங்க இருந்திருந்தா உயிரோட இருந்திருப்பானோன்னு இருக்கு."

மைனி கயிற்றை மேலே இழுத்தாள். நனைந்த அளவை விரலால் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. தன் சேலை என் பெட்டியில் இருப்பதைக் கண்ட மாதிரி கேட்டாள்.

"அந்தப் பயம் எனக்குள்ளதுல்லா? உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

கயிற்றிலிருந்து கல்லை அவிழ்த்தாள்.

"அவரு போகாம நின்னதால நாலு வருசம் என் கையால சாப்பிட்டாரு. பையன் அப்பான்னு கூப்பிட்டான். அந்தக் கணக்கையெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ மோட்டாரப் போடு, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு."

போட்டேன். உறையில் தண்ணீர் இறங்கும் வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். மைனி அந்தப் பயத்தை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை அண்ணே, கொஞ்சம் என்னிடமே இருக்கிறது. ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற கனம்தான். மற்றபடி, கால்வாயில் தண்ணீர் விடுகிற நாளெல்லாம் யாராவது போய் அந்த உறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அது வேலை. அதை நான் செய்கிறேன்.